தேக்கிலைச் சிவப்பில் ஒரு கம்பளிச் சட்டை

குளிரே இல்லாத ஊரில் கம்பளி பின்னிய கதையைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். கிளிநொச்சியை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்து எழும்பின அந்த வருசம், என் வயதுக்காரர் நீங்களும் ஏதோ ஒரு மரத்தின் கீழ் குந்தியிருந்து நிவாரண உடுப்பு மூட்டை பிரித்திருப்பீர்கள். உங்கள் மூட்டைக்குள் என்ன இருந்தது, சொல்லுங்கோ பார்ப்பம்? எங்கள் மூட்டைக்குள் ஏழு கம்பளிச் சட்டைகள் இருந்தன. கழுத்தைத் தாடை வரை மூடுகிற, கை விரலுக்கும் கீழே தொங்குகிற சட்டைகள்.

அப்பா ஒன்றை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தார். வியர்வை நாடியால் வடிந்துகொண்டிருந்தது.

"வன்னியில பனி கொட்டுதெண்டு ஆரோ அவங்களுக்குச் சொல்லிப்போட்டாங்கள்," என்றார்.

சனம் அந்தச் சட்டைகளை என்ன பாடெல்லாம் படுத்தியது! ஒரு வீட்டில் அது சோற்றுப்பானை இறக்குகிற பிடிதுணி. ஒரு வீட்டில் சைக்கிள் பாரில் பிள்ளை இருக்கச் சுற்றின மெத்தை. ஒரு நாய் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்ததைக் கூட நான் கண்டேன்.

எங்கள் ஊர் உருத்திரபுரம். வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் ஓடின ஊர். அதை விட்டு வந்து, இரண்டு இடம் மாறி, அக்கராயன் பக்கம் ஒரு தேக்கங்காட்டு விளிம்பில் கிடுகும் தறப்பாளுமாகக் கொட்டில் போட்டிருந்தோம். "இடுப்பொடிஞ்ச கோழிக்கு உரல்குழியே கைலாசம்," என்று அப்பா சொல்லிக்கொண்டே கப்புத்தடி நட்டார். சொன்னாரே தவிர, அந்தக் கைலாசத்தில் ஒருவரும் கால் மடக்கி இருக்கவில்லை. அப்பா சைக்கிளை எப்போதும் ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்துவார். அம்மா சமைத்து முடித்ததும் பானையைக் கழுவித் துடைத்துத் திரும்பவும் சாக்குக்குள் வைத்துக் கட்டுவா. அடுத்த நேரம் அவிழ்ப்பா. கேட்டால், "இண்டைக்கோ நாளைக்கோ ஆருக்குத் தெரியும்?" என்பா. எனக்குப் பத்து வயது. நானும் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன். எதையாவது சுரண்டிக்கொண்டு, எதையாவது கேட்டுக்கொண்டு, ஆரையாவது குழப்பிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவின் வயிற்றில் அப்போது ஆறு மாதப் பிள்ளை. இதைக் கொஞ்சம் மெல்லமாகத்தான் சொல்ல வேணும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது கதைக்கக் கூடாத கதை. எனக்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை உருத்திரபுரத்து வீட்டில் பிறந்தது. அதற்காக அம்மா முன்கூட்டியே ஆறு சட்டை தைத்து, கழுத்தில் சின்னப் பூப்போட்டு, அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தா. பிள்ளை பிறந்தது, ஆனால் அழவே இல்லை. சட்டைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அம்மாவுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிஞ்சியது: பிறக்காத பிள்ளைக்கு ஒன்றும் செய்யக் கூடாது, ஒன்றும் சொல்லக் கூடாது. இந்த முறை பழஞ்சேலையில் ஒரு துண்டு கூடக் கிழித்து வைக்கவில்லை. ஆராவது "எத்தினை மாதம்?" என்று கேட்டால், "எண்ணேல்லை" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவா.

பக்கத்துக் கொட்டிலில் மலைநாட்டு அக்கா இருந்தா. சின்ன வயதில், கலவரத்துக்குத் தப்பித் தோட்டத்தை விட்டுத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவா. எங்கள் வயலில் நாற்று நட வருகிறவா என்பதால் முன்னமே பழக்கம். அம்மா அவாவை "நீ" என்றுதான் கூப்பிடுவா. அவா அம்மாவை "அம்மா" என்பா. அவா அம்மாவிலும் நாலு வயது மூப்பு என்பது, எனக்கு நாற்பது வயதான பிறகு ஒருநாள் சும்மா இருந்து கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கம்பளிச் சட்டையைக் கண்டு சிரிக்காத ஒரே ஆள் அந்த அக்காதான். ஒரு சட்டையின் விளிம்பைப் பிடித்து, திருப்பி, நகத்தால் நெருடி, ஒரு நூல் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தா. சட்டை கிறுகிறுவென்று கழன்று வந்தது.

"நல்ல நூலுங்கம்மா. இதப் போயி நாய்க்குப் போட்டிருக்காங்களே!"

"உனக்கு உது பின்னத் தெரியுமோ?" என்று அம்மா கேட்டா.

"எங்கம்மா தொர பங்களாவுல புள்ள பாத்தவங்க. தொரையம்மா பின்னுறத பாத்துப் பாத்து எங்கம்மா பழகி, அப்புறம் எங்க தோட்டத்து லயத்துல எல்லாப் பொம்பளையும் பின்னுவாங்க. அங்க குளிரு சும்மா வுடுமா?"

பின்னுகிற ஊசிக்கு அப்பாவின் உடைந்த சைக்கிள் சில்லுக் கம்பி நாலு கிடைத்தது. அக்கா அதைக் கருங்கல்லில் நாள் முழுக்கத் தீட்டி முனை எடுத்தா. நூல் சுற்றுகிறதற்கு என் கை இரண்டும்தான் சட்டம். கும்பிடப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான் இருக்க, அவா சட்டையை உருவி உருவி என் கையில் சுற்றுவா. ஒரு நிமிசம் சும்மா இருக்காத நான் அதற்கு மட்டும் இருந்தேன். கழன்ற நூல் பழைய வளைவை மறக்காமல் சுருண்டு சுருண்டு நிற்கும். சவர்க்காரம் கிடைக்காத காலம். பனங்காய்க் களியில் அதைத் தோய்த்து, அடியில் கல் கட்டித் தேக்குக் கொப்பில் தொங்கவிட்டால் இரண்டு நாளில் நிமிரும். நனைந்தால் மழையில் நின்ற ஆட்டு மணம் மணக்கும். எனக்கு அந்த மணமும் பிடித்தது.

சாயம் போடுகிறதுதான் உண்மையான திருவிழா. பழைய எண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொதிக்கும். வெங்காயத் தோல் போட்டால் மண்ணிறம். மஞ்சள் போட்டால் மஞ்சள், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேக்கங் கொழுந்து இருக்கிறதே! பச்சை இலைதான். கசக்கினால் உள்ளங்கை சிவக்கும். அதைக் கொதிக்க வைத்து நூலைப் போட்டெடுத்தால் வருகிற சிவப்பை நான் இதுவரை எந்தப் புடவைக் கடையிலும் காணவில்லை. குங்குமமும் இல்லை, செம்பரத்தையும் இல்லை. நாவற்பழம் தின்ற வாய்க்கும் செங்கட்டிக்கும் நடுவில் ஒரு நிறம்.

"படிகாரம் ஒரு துண்டு கெடச்சா சாயம் சாகுற வரைக்கும் நிக்கும்," என்று அக்கா பெருமூச்சு விட்டா.

"ஆமிக்காரர் வன்னிக்குள்ள பற்றரி விடுறாங்களில்லை, சவர்க்காரம் விடுறாங்களில்லை. உனக்குப் படிகாரம் விடப்போறாங்களோ?" என்றார் அப்பா.

கடைசியில் உப்பும் பழப்புளியும்தான் போட்டது.

அக்கா முதலில் தன் புருசனின் முழங்காலுக்கு ஒரு உறை பின்னினா, விறகு வெட்டுகிறவருக்கு மூட்டு வலி. பிறகு அப்பாவின் சைக்கிள் சீற்றுக்கு மஞ்சளில் ஒரு தொப்பி. அப்பா அதில் ஏறி இருந்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றார். நான் சிவப்புக்காகக் காத்திருந்தேன்.

"அக்கா, சிவப்பு எனக்குத்தானே?"

"பாப்பம் புள்ள."

"எப்ப பாப்பியள்?"

"கொழுந்து கைக்கு வந்தாத்தான் கூடைக்குப் போகும். சும்மா இரு."

ஒருநாள் முற்பகல் அவாவின் கொட்டிலுக்குள் சொல்லாமல் நுழைந்தேன். அவா எதையோ மடிக்குள் மறைத்தா. மறைத்தால் நான் விடுவேனா? இழுத்துப் பார்த்தேன். சிரட்டையளவு ஒரு தொப்பி. தேக்கிலைச் சிவப்பு. காதை மூட இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மடல்.

அது ஆருக்கென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. என் சிவப்பு, இன்னும் பிறக்காத ஒரு ஆளுக்குப் போகிறது! நேரே அம்மாவிடம் போனேன். அம்மா சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தா.

"அம்மா, அக்கா தம்பிக்குத் தொப்பி பின்னுறா."

சுளகு நின்றது.

"தம்பியெண்டு ஆர் சொன்னது?"

பாருங்கோ, அந்த இடத்தில்தான் என் நாக்கு புரண்டது. தம்பி என்று சொன்னது நான்தான். எனக்கு ஒரு தம்பி வேணும் என்று மனதுக்குள் வைத்திருந்தது வாயால் வந்துவிட்டது. ஆனால் அம்மாவின் முகத்தைக் கண்டதும் பயத்தில், "அக்காதான் சொன்னவா. ஆம்பிளைப் பிள்ளைதானாம்," என்றேன்.

அம்மா அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினா. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொட்டிலுக்குப் போனா. நான் பின்னால்.

"ஏன்டி, பிறக்க முன்னம் பின்னுறாய்? அதுக்குள்ள ஆம்பிளை எண்டு சாத்திரம் வேற சொல்லுறியாம்! என்ர பிள்ளையைக் கொண்டுபோக நிக்கிறியோ?"

அக்கா என்னைப் பார்த்தா. ஒரு சொல் போதும், நான் அகப்பட்டிருப்பேன். அவா கண்ணை எடுத்து அம்மாவின் காலைப் பார்த்தா.

"சொல்லியிருப்பேம்மா. வாய்தானே."

"பிரி."

"அம்மா, எங்க லயத்துல ஏழாம் மாசத்துலயே பின்னி வெச்சிருவோம். புள்ள வந்தாப்புறம் பின்னுற வரைக்கும் குளிரு காத்திருக்காதுங்களே…"

"உங்கட லயத்து வழக்கத்தை லயத்தில வைச்சிரு. பிரி உதை!"

அக்கா நூல் நுனியை இழுத்தா. மடல் போனது, நெற்றி போனது, உச்சி போனது. கடைசியில் அவா கையில் சுருள் சுருளாக நூல் மட்டும் இருந்தது. அம்மா அது முடியும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தா.

"மழை விட்டாலும் தூவானம் விடாது" என்பார்களே, அப்படி ஒரு கிழமை இரண்டு கொட்டிலுக்கும் நடுவில் கதையில்லை. பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டா. நான் அடி விழும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவா என் தோளில் சாண் வைத்து அளந்தா.

"ஒனக்குத்தான் வேணும்னு நின்னியே. நில்லு ஆடாம."

கையில்லாத சட்டை ஒன்று பத்து நாளில் வந்தது. முழுச் சிவப்பு. நான் அதை வெயிலில் போட்டேன், கிணற்றடியில் போட்டேன், படுக்கையில் போட்டேன். உடம்பெல்லாம் கடித்தது, வேர்க்குரு போட்டது. கழற்றவில்லை. "கொள்ளிக்கட்டைக்குக் குளிருதாம்" என்று அப்பா பகிடி பண்ணினார். வியர்வையில் என் கழுத்து லேசாகச் சிவந்ததை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

மார்கழி மழை பிடித்தது. உங்களுக்குத் தெரியும் அந்த மழை. மூன்றாம் நாள் தறப்பாள் வயிறு தள்ளித் தொங்கியது. நாலாம் நாள் எங்களிடம் காய்ந்த துணி என்று ஒரு கைலேஞ்சி கூட இல்லை. அம்மாவுக்கு மலேரியா வந்து அப்போதுதான் விட்ட உடம்பு. காலையில் அடுப்பு மூட்டக் குனிந்தவா நிமிரவில்லை. எட்டாம் மாதம். தை முடியத்தான் பிறக்க வேண்டிய பிள்ளை.

அப்பா மருத்துவிச்சி அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து, பாதி தூரம் சைக்கிளையே தோளில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. இந்த முறை அழுதது. அழுதது என்றால், பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சு. ஆண்பிள்ளை.

"கோழிக்குஞ்சுப் பாரம்தான் கிடக்கு," என்று மருத்துவிச்சி அம்மா சொன்னா. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். ஆனா மதகுக்கு மேலால வெள்ளம் பாயுது. தண்ணி வடியுமட்டும் உடம்புச் சூடு போகாமப் பாக்க வேணும். காய்ஞ்ச துணி தாங்கோ."

காய்ந்த துணி! அம்மாவின் சேலை ஈரம். அப்பாவின் சாரம் ஈரம். மூட்டைக்குள் வைத்துக் கட்டின துணிக்கெல்லாம் பூஞ்சணம். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அம்மா படுத்த பாயிலிருந்து என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை இன்றைக்கும் என்னை ஒரு இடத்தில் இருக்க விடாது.

ஒருவரும் கூப்பிடாமல் அக்கா உள்ளே வந்தா. சாக்கைத் தலையில் போட்டு நனைந்துகொண்டு வந்தவா, நேரே என்னிடம் வந்தா.

"கழட்டு புள்ள."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவாவே என் சட்டையைத் தலைக்கு மேலால் உருவினா. என் உடம்புச் சூடு அதில் இருந்தது. சைக்கிள் கம்பியால் கீழ் விளிம்பைக் கோத்து இறுக்கிக் கட்டினா, கை ஓட்டை இரண்டையும் தைத்தா. பத்து நிமிசத்தில் அது ஒரு பை. பிள்ளையை உள்ளே விட்டு, கழுத்து ஓட்டையால் முகத்தை மட்டும் வெளியே எடுத்து, அம்மாவின் நெஞ்சோடு வைத்துக் கட்டினா.

"கம்பளி நனைஞ்சாலும் சூடு வுடாதுங்க," என்று மருத்துவிச்சி அம்மாவுக்குத்தான் சொன்னா. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் விடிய மழை குறைந்தது. பிள்ளையைத் துடைக்க மருத்துவிச்சி அம்மா பையை அவிழ்த்தா. அம்மா போட்ட கத்தலில் தேக்கங்காடே எழும்பியிருக்கும். பிள்ளை கழுத்திலிருந்து கால் வரை சிவப்பு!

"ஐயோ, ரத்தம்! என்ர பிள்ளை…"

மருத்துவிச்சி அம்மா விரலை நனைத்துப் பிள்ளையின் வயிற்றில் ஒரு கோடு இழுத்தா. கோடு வெளுத்தது. விரலை மணந்து பார்த்தா.

"தேக்கிலையெல்லோ மணக்குது!" அவாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாயம் போகட்டும் பிள்ளை. சீவன் நிண்டாப் போதும்."

அன்று மத்தியானம் வெள்ளம் வடிய, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே வெள்ளைத் துணி சுற்றித் தந்தார்கள். என் சட்டை எந்த வாளிக்குள் போனதோ, நான் திரும்பக் காணவில்லை. தம்பியின் சீவன் நின்றது. ஒரு மாதம் வரை அவன் தொப்புளைச் சுற்றி லேசான ஒரு சிவப்பு வளையம் இருந்தது.

இவ்வளவும் கேட்டவர்கள், பிறகு அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்தா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிற அன்று, அயல் கொட்டில் எல்லாருக்கும் சொன்னார்கள். அக்காவுக்குச் சொல்லவில்லை.

"கருநாக்கு," என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். "ஆம்பிளை எண்டாள், ஆம்பிளைதான் வந்தது. முன்னம் பின்னினாள், பிள்ளை முந்தி வந்தது. அவளின்ர கண் படவேண்டாம்."

மலேரியாவைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள். அம்மா தலையில் சாக்கும் இடுப்பில் குடமுமாக மூன்று இடம் மாறி நடந்ததை விட்டார்கள். பிரித்து ஒழித்த ஒரு சிரட்டைத் தொப்பியில் பழியைப் போட்டார்கள். அந்த நாக்கு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவித்த மோதகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் கொட்டில் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் நடந்து நடந்து, கடைசியில் நானே அதைத் தின்றேன்.

மாரி முடிய, நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம் எழும்பினோம். அம்மா கட்டி வைத்த பானைகள் கடைசியில் பிரயோசனப்பட்டன. சைக்கிளில் மூட்டை ஏற்றுகிற நேரம் அக்கா வந்தா. என் தோளில் சாண் வைத்தா. ஒன்று, இரண்டு. பிறகு ஏதோ யோசித்து, வெறும் காற்றில் இன்னொரு அரைச் சாண் வைத்தா.

"போயிட்டு வா புள்ள."

ஒன்றரை வருசம் போனது. அதற்குள் நாங்கள் இன்னும் ஒருமுறை இடம் மாறியிருந்தோம். ஒருநாள் பின்னேரம் அந்த மருத்துவிச்சி அம்மா எங்கள் புது வாசலில் சைக்கிளை நிறுத்தினா. கிளினிக்குக்கு வந்தவாவாம். தம்பியைத் தூக்கி, உடுப்பை விலக்கி வயிற்றைப் பார்த்து, "எங்கயடா உன்ர சிவப்பு?" என்று கேட்டுச் சிரித்தா. பிறகு பையிலிருந்து கடதாசியில் சுற்றின ஒரு பொதியை எடுத்து என்னிடம் தந்தா.

"உங்கட மலைநாட்டு அக்கா தந்தவா. இப்ப விசுவமடுப் பக்கம் இருக்கிறா. சலூன்காரரிட்டப் படிகாரம் வாங்கிப் போட்டவாவாம். சாயம் போகாதெண்டு கட்டாயம் சொல்லச் சொன்னவா."

கையில்லாத சட்டை. தேக்கிலைச் சிவப்பு. நான் அவசரப்பட்டுத் தலையால் மாட்டினேன். தோள் முழங்கையில் நின்றது, கீழ் விளிம்பு முழங்காலைத் தொட்டது. எனக்குள் இன்னொரு ஆள் நிற்கலாம்.

"என்ன இது, இவ்வளவு பெரிசாப் பின்னியிருக்கிறா?" என்று நான் சொன்னேன். மருத்துவிச்சி அம்மா தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "நானும் கேட்டனான். 'இந்த அளவு வர்றப்போ போடட்டும்' எண்டவா," என்றா.

அவா போன பிறகு அம்மா சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றா. இன்னும் வராத அளவுக்கு, முன்கூட்டியே பின்னின சட்டை. அம்மா அதை அடுப்பில் போடப்போகிறா என்று நினைத்தேன். பயத்தில் என் வாய் திறந்துகொண்டது.

"அம்மா, ஆம்பிளைப் பிள்ளை எண்டு அக்கா சொல்லேல்லை. நான்தான் சொன்னது. சிவப்பு நூல் எனக்கு வேணுமெண்டு… அவா ஒண்டுமே சொல்லேல்லை."

அம்மா அடிக்கவில்லை. ஏசவில்லை. தம்பி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் தலையில் கை வைத்தா. பிறகு விரலை நாக்கில் நனைத்து, என் மேல் கிடந்த சட்டையின் விளிம்பில் அழுத்தித் தேய்த்தா. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தா. சிவப்பு ஒட்டவில்லை.

சட்டையை என் தலையால் கழற்றினா. நாலாக மடித்தா. எப்போதும் கட்டியபடி கிடக்கிற அந்தச் சாக்கின் வாயை அவிழ்த்து, தம்பியின் உடுப்புகளுக்கு நடுவில், நனையாத இடத்தில் வைத்தா.

"கிடக்கட்டும்," என்றா. "வளருவாய்."